நாகலக்ஷ்மி சொல்லாமல் விட்ட ஒரு வரி

ஜெர்சி சிட்டி ஜர்னல் ஸ்கொயர் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு நாகலக்ஷ்மியைத் தெரியாமல் இருக்காது. சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரும் கையில் ஓர் ஊன்றுகட்டையுமாகப் பஸ் ஏறி இறங்கிக் கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படித்தாள். கல்யாணம் முடிந்து கணவன் வெள்ளியங்கிரியோடு இங்கே வந்து இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. அவருக்கு ஒரு பேங்கில் கான்ட்ராக்ட் வேலை. ஒரே மகள் வெண்பா காலேஜில் படிக்கிறாள். நாகலக்ஷ்மிக்கு வேலை, ஒரு கம்பெனியின் வெப்சைட்களைக் கண் தெரியாதவர்களும் கை வராதவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துப் பார்ப்பது.

அவளைப் பற்றி இங்கே ஒரு பேச்சு உண்டு. ஏதாவது விழாவுக்கு ஹால் பிடித்தால் யாராவது ஒருவர், "நாகா ஆன்ட்டி மெயில் போட்டாச்சா?" என்று கேட்பார். பயம் பாதி, கேலி பாதி. தமிழ்ச் சங்கம் விழா நடத்தும் பள்ளிக்கூட ஹாலின் மேடைக்கு ஐந்து படி. அந்தப் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பலகை வைக்கச் சொல்லி எட்டு வருஷம் மெயில் போட்டாள். ஒன்பதாவது வருஷம் வைத்தார்கள். அதற்காக யாரும் கைதட்டவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டாள்.

மன்ஹாட்டனில் ஒரு சின்ன அமைப்பு இருந்தது. உலகத்தில் எங்கே சண்டை முடிந்து சமாதானப் பேச்சு தொடங்கினாலும், அந்தப் பேச்சில் உடல் ஊனமுற்றவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அரசாங்கங்களிடம் மன்றாடும் அமைப்பு. அதை நடத்தியவள் மார்செலா என்ற கொலம்பியப் பெண். கண்ணிவெடியில் இரண்டு காலும் போய் வீல்சேரில் இருப்பவள். நாகலக்ஷ்மி ஏழு வருஷமாக அங்கே வாலன்டியர். கூட்டங்களுக்குக் குறிப்பு எடுப்பாள், நாற்காலிகளுக்கு நடுவே வீல்சேர் போக இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்ப்பாள், மைக் உயரத்தைச் சரிசெய்வாள். மேடையில் ருவாண்டாக்காரர்கள் பேசுவார்கள், நேபாளத்துக்காரர்கள் பேசுவார்கள், போஸ்னியாக்காரர்கள் பேசுவார்கள். இவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வாள்.

ஒரு நாள் தன்னையும் பேசச் சொல்வார்கள் என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. வெள்ளியங்கிரியிடம்கூட அதைச் சொன்னதில்லை.

போன வருஷம் ஜனவரியில் பொங்கல் விழாவுக்குத் தவராசா வந்தான்.

தவராசாவுக்கு முப்பத்தைந்து வயது. ஊர் முல்லைத்தீவுப் பக்கம். இங்கே வந்து ஆறேழு வருஷம் ஆகிறது, பிளெய்ன்ஸ்பரோவில் அவனுடைய பெரியப்பா மகன் வீட்டில் இருக்கிறான், இரண்டு கண்ணும் தெரியாது, போன் மூலம் கஸ்டமர் சர்வீஸ் வேலை பார்க்கிறான், இவ்வளவுதான் அன்றுவரை அவளுக்குத் தெரியும். விழாக் குழுவில் யாரோ அவனைப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருந்தார்கள்.

அவனை அந்தச் சரிவுப் பலகை வழியாகத்தான் மேடைக்கு அழைத்துப் போனார்கள். கண் தெரியாதவனுக்குப் படி ஏறத் தெரியாதா என்று நாகலக்ஷ்மி நினைத்தாள். நினைத்த உடனே, இது என்ன நினைப்பு என்றும் தோன்றியது. ஆனால் நினைப்பு போகவில்லை.

அவன் மைக்கைத் தடவிப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். 2009-இல் ஊரில் நடந்த சண்டையில் ஷெல் விழுந்து கண் போனது. அப்போது பத்தொன்பது வயது. அதற்கு இரண்டாம் நாள் சனங்கள் எல்லாரும் சண்டை நடந்த இடத்தைவிட்டு ஒரே நெரிசலாகக் கடந்து போகும்போது, அம்மாவும் தங்கையும் அவன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். கூட்டம் தள்ளியதில் கை விட்டுப்போனது. அவர்கள் எங்கே என்று இன்றுவரை தெரியாது. ஏழு வருஷம் கழித்து, காணாமல்போனவர்களின் விவரத்தை அரசாங்கத்தில் கேட்கிறார்கள் என்று சொன்னதால் பஸ் பிடித்துப் போனான். கூட்டம் இரண்டாம் மாடியில். அவன் ஏறிவிட்டான். கால் இல்லாதவர்கள் கீழேயே நின்றார்கள். மேலே ஓர் அதிகாரி காகிதத்தை நீட்டி, நிரப்பித் தரச் சொன்னார்.

"எனக்குக் கண் தெரியாது ஐயா எண்டு சொன்னன். அப்ப வீட்டில இருந்து ஆரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டார். வீட்டில இருந்த ஆக்களைத் தேடித்தான் ஐயா நான் இஞ்ச வந்தனான் எண்டு சொன்னன்."

அந்தப் பள்ளிக்கூட ஹாலில் முந்நூறு பேர் இருந்தார்கள். பொங்கல் தட்டோடு ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்றுவிட்டன. நாகலக்ஷ்மிக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பேச்சு முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாகலக்ஷ்மி கட்டையைத் தேடி எடுத்து, காலிப்பரை லாக் பண்ணி எழுந்திருப்பதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும்போது வெள்ளியங்கிரி காரை ஓட்டிக்கொண்டே, "அந்தப் பையன் பேச்சு நெஞ்ச புடிச்சு ஒலுக்கிடுச்சு நாகு" என்றார்.

"ம்."

"என்ன ம்? உனக்குப் புடிக்கலியா?"

"நல்லாத்தான் பேசினான்" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "என்னைய யாராச்சும் கால் எப்படிப் போச்சுன்னு கேட்டா, போலியோன்னு சொல்றேன். ஓன்னுட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடறாங்க. அவனுக்குச் சொல்ல ஒரு கதை இருக்குதுங்க. எனக்கு வெறும் காய்ச்சல்" என்றாள்.

வெள்ளியங்கிரி திரும்பி அவளைப் பார்த்தார். "அந்தக் கதை உனக்கு வேணுமா?" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பேச்சின் வீடியோ மார்செலாவிடம் போய்ச் சேர்ந்தது. யார் அனுப்பினார்களோ, நாகலக்ஷ்மி அனுப்பவில்லை. மார்செலா மொழி தெரியாமலே அதைப் பார்த்துவிட்டு, யாரையோ விட்டு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு போன் செய்தாள். மார்ச்சில் ஒரு பெரிய கூட்டம். சண்டை முடிந்த நாடுகளில் விசாரணைகளும் சமாதானப் பேச்சுகளும் நடக்கும்போது ஊனமுற்றவர்களுக்கு என்னென்ன செய்து தர வேண்டும் என்று ஓர் அறிக்கை தயாரிக்கப் போகிறார்கள். தவராசாவைப் பேசவைக்க வேண்டும். அவனுக்கு ஆங்கிலம் புரிகிறது, ஆனால் மேடையில் பேசும் அளவுக்கு இல்லை.

"நீ அவனுக்கு மொழிபெயர்ப்பாயா? உன்னைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு யாரும் இல்லை" என்றாள் மார்செலா.

ஏழு வருஷம் காத்திருந்து கடைசியில் மேடை கிடைத்தது. ஆனால் இன்னொருவன் வாயாக. நாகலக்ஷ்மி சரி என்றாள். வேறு யாராவது அவன் பக்கத்தில் நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

பிப்ரவரியில் மூன்று சனிக்கிழமை அவள் பிளெய்ன்ஸ்பரோவுக்குப் போனாள். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கினால் தவராசாவின் அண்ணி காரில் வந்து கூட்டிப் போவாள். அப்பார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் அவனுக்கு ஒரு சின்ன அறை. அவன் ஒரு வாக்கியம் சொல்ல, அவள் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அவன் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்பான். அவனைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. தேநீரை அவனே போட்டுக் கொடுத்தான். அவள் உட்கார்ந்து எழும்போது காலிப்பர் எழுப்பும் சத்தத்தை இரண்டாவது சனிக்கிழமை கவனித்தான்.

"அக்கா, உங்கட கால் என்ன மாதிரி?"

"போலியோ தம்பி. ரெண்டு வயசுல."

அவன் "ஓ" என்று விட்டுவிடவில்லை. "அப்ப உங்களை அங்க மற்ற வரிசையில விட்டிருப்பினம்" என்றான்.

சண்டைக்குப் பிறகு அவனிருந்த முகாமில் இராசமலர் என்று ஒரு பெண் இருந்தாளாம். அவளுக்கும் போலியோ. அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் காணாமல்போனவர்கள். எங்கே போனாலும், சண்டையில் காயப்பட்டவர்கள் ஒரு வரிசை, மற்றவர்கள் இன்னொரு வரிசை. "உமக்குச் சண்டையிலயோ காயம்?" என்று கேட்பார்கள். இல்லை என்பாள். அந்த மற்ற வரிசையை யாரும் கூப்பிட்டதே இல்லை. ஓடமுடியாத காலோடு அந்தச் சண்டைக்குள் இருந்தவள் அவள். கணக்கில் மட்டும் வரவில்லை.

"இதையும் கூட்டத்தில சொல்லப்போறன் அக்கா. நீங்கள் பக்கத்தில நிக்கிற படியால் சொல்லோணும் போல இருக்கு."

அன்று ரயிலில் திரும்பும்போது நாகலக்ஷ்மிக்கு அவனை நினைத்து நல்லபடியாகவே இருந்தது. ஜெர்சி சிட்டி வருவதற்குள் அது மாறிவிட்டது. என் விஷயத்தைச் சொல்வதற்கும் அவன்தான் வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. ஏழு வருஷம் அந்த ஹாலில் நாற்காலி நகர்த்தியவள் நான். இவன் போலியோ பற்றிச் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் ஓ என்பார்கள்.

கூட்டத்தன்று நல்ல குளிர். ஹாலில் நூற்றைம்பது பேர் இருக்கும். பல நாட்டுத் தூதரக ஆட்கள், வக்கீல்கள், சைகை மொழி பெயர்ப்பவர்கள் இரண்டு பேர். தவராசாவுக்கு உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னபோது வேண்டாம் என்றாள். நின்றால்தான் தன்னையும் பார்ப்பார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

அவன் பேசினான், அவள் சொன்னாள். ஷெல் விழுந்ததைச் சொன்னாள். கை விட்டுப்போனதைச் சொன்னாள். இரண்டாம் மாடியைச் சொன்னாள். கேட்பவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குரல் வருவது அவளிடமிருந்து, ஆனால் நூற்றைம்பது பேரின் கண்ணும் அவன்மேல். முன்வரிசையில் நரைத்த முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் கைப்பையைத் திறந்து டிஷ்யூ எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டாள்.

தவராசா அந்த வரியைச் சொன்னான். "வீட்டில இருந்த ஆக்களைத் தேடித்தான் ஐயா நான் இஞ்ச வந்தனான். ஒண்டும் பதியாமல் திரும்பிப் போனனான்."

ஆங்கிலத்தில் அதற்குப் பத்துப் பன்னிரண்டு சொல்தான். முந்தின நாள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தாள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதுகூடத் தெரியும். அது வாயில் வந்து நின்றது. அந்தப் பெண் டிஷ்யூவைப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். நாகலக்ஷ்மி மைக்கில், "வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வரும்படி அதிகாரி சொன்னார். அதனால் அன்று அவர் திரும்பிப் போக வேண்டியதாயிற்று" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஹாலில் ஒன்றும் நடக்கவில்லை. சிலர் குறிப்பு எழுதினார்கள். தவராசா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். வழக்கமாக அந்த இடத்தில் வரும் அமைதிக்காகக் காத்திருந்தானோ என்னவோ. பிறகு இராசமலரைப் பற்றிச் சொன்னான்.

அதை அவள் ஒரு சொல் விடாமல் சொன்னாள். குரல் ஏறி இறங்கச் சொன்னாள். இரண்டு வரிசையைக் கையால் காட்டினாள். சொல்லும்போது எல்லாரும் அவளுடைய காலிப்பரைப் பார்த்தார்கள். பேச்சு முடிந்ததும் மார்செலா மேடைக்குக் கீழே இருந்து, "நாகலக்ஷ்மி, இதைப் பற்றி நீ சொந்தமாக ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்று கேட்டாள். அவள் மூன்று நிமிஷம் பேசினாள். நல்ல கைதட்டல். வெளியே காபி மேஜைக்குப் பக்கத்தில் மூன்று பேர் அவளிடம் கார்டு கொடுத்தார்கள். தவராசா சுவரோரம் மடக்குக் குச்சியோடு நின்றுகொண்டிருந்தான்.

"நல்லா இருந்தது என்ன அக்கா?" என்றான்.

"பிரமாதம் தம்பி."

"சனம் அவ்வளவாக் கேக்கேல்லைப் போல இருந்தது."

"சேச்சே. வெள்ளைக்காரங்க அப்படித்தான். வெளிய காட்ட மாட்டாங்க" என்றாள்.

அந்த வாரம் முழுக்க நாகலக்ஷ்மி சந்தோஷமாக இருந்தாள். ஆபீசில் இரண்டு பேரிடம் சொன்னாள். வெண்பாவுக்குப் போட்டோ அனுப்பினாள். "அம்மா, யூ லுக் சோ குட் அப் தேர்" என்று பதில் வந்தது.

இரண்டு வாரத்தில் அறிக்கையின் டிராஃப்ட் மெயிலில் வந்தது. திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள். விசாரணை நடக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் வேண்டும், பிரெயிலில் படிவம் வேண்டும், சண்டைக்கு முன்பே ஊனமானவர்களையும் சேர்க்க வேண்டும் என்று வரிசையாக இருந்தது. கடைசியாகச் சொன்னது இராசமலர் விஷயம். அதை இரண்டு முறை படித்தாள். அடுத்த பக்கத்தில் நான்காவது பரிந்துரை. பார்வையற்றவர்கள் தங்கள் குடும்பத்தில் ஒருவரைத் துணைக்கு அழைத்துவர அரசாங்கம் பயணச் செலவு கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரமாகக் கீழே, இலங்கையிலிருந்து வந்த தவராசாவின் சாட்சியம் என்று போட்டிருந்தது.

அவள் தயிர்சாதத்தை மூடி வைத்தாள். அவன் சொன்னதற்கு நேர் எதிரானது அது. குடும்பமே காணாமல்போனவனிடம் குடும்பத்தைக் கூட்டிவரச் சொன்னார்கள் என்பதுதான் அவன் வழக்கு. அந்த ஒரு வரி இல்லாததால், வீட்டில் வேறு ஆள் இருந்தும் பஸ் காசு இல்லாமல் திரும்பிப் போனவன் போல ஆகிவிட்டான். இதைப் பார்த்து நாளைக்கு ஏதாவது ஒரு நாட்டில் விதி எழுதுவார்கள். துணை இருந்தால் வா, காசு தருகிறோம் என்பார்கள். துணைக்கு ஆளில்லாதவன் வாசலில் நிற்பான். இதெல்லாம் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளுடைய வேலையே அதுதான்.

அன்று மாலையே தவராசா போன் செய்தான். கூட்டத்தின் ரெக்கார்டிங்கை மெதுவாக வைத்து நாலைந்து முறை கேட்டிருக்கிறான்.

"அக்கா, வீட்டில இருந்த ஆக்களைத் தேடி எண்டு நான் சொன்ன இடம் இங்கிலீசில எங்க வருது? எனக்குக் கேக்கேல்லை."

"டைம் இல்ல தம்பி. சிக்னல் காட்டினாங்க. கொஞ்சம் ஷார்ட் பண்ண வேண்டியதாப் போச்சு."

"ஓ. சரி அக்கா."

அவ்வளவுதான் பேச்சு. யாரும் சிக்னல் காட்டவில்லை. போனை வைத்தபின்கூட, திருத்தம் அனுப்பினால் மார்செலா என்ன நினைப்பாள் என்பதுதான் முதலில் வந்தது.

மறுநாள் காலை அடுப்படியில் வெள்ளியங்கிரி காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள். முழுவதும் சொன்னாள். டிஷ்யூ எடுத்த பெண்ணையும் சொன்னாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மறந்துட்டயா, வேணும்னு விட்டயா?"

"வேணும்னுதானுங்க."

"ஏன்?"

"அந்த ஒரு வரியச் சொன்னா எல்லாரும் அவனுக்காக அழுவாங்க. அத நான் என் வாயால செஞ்சு தரணுமான்னு இருந்துச்சு."

வெள்ளியங்கிரி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மெயில் போடறதுக்கு முந்தி அவங்கிட்டப் போய்ச் சொல்லு. மூணாவது ஆள் சொல்லி அவனுக்குத் தெரியக்கூடாது" என்றார். வியாழக்கிழமை லீவு போட்டு அவரே காரில் பிளெய்ன்ஸ்பரோவுக்குக் கூட்டிப் போனார். அவர் காரிலேயே இருந்துவிட்டார்.

தவராசா தேநீர் போட எழுந்தான். "இரு தம்பி. உக்காரு" என்றாள் அவள். டைம் பற்றிச் சொன்னது பொய் என்று சொன்னாள். நான்காவது பரிந்துரையை வாசித்துக் காட்டி, அது ஏன் அப்படி ஆயிற்று என்று சொன்னாள். அவன் முகம் மாறாமல் கேட்டான்.

"ஏன் அக்கா?"

"பொறாமை தம்பி."

"என்னிலயோ?" என்று சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "என்னட்டை என்ன இருக்கெண்டு பொறாமைப்பட்டனீங்கள்?"

"அந்த வரி இருக்கு. அதைச் சொன்னா ஊரே கேக்குது. நான் இருபது வருஷமா மெயில் போட்டுட்டு இருக்கறேன்."

அவன் கொஞ்ச நேரம் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். மாடியில் அவனுடைய அண்ணியின் பிள்ளை ஓடுகிற சத்தம் கேட்டது.

"அது நான் யோசிச்சுச் செய்த வரி இல்லை அக்கா. அந்தாள் கேட்டதுக்கு அண்டைக்கு எனக்கு வாயில வந்த பதில். அந்தாள் அதைப் பதியேல்லை. பேனையைக் கீழ வைச்சிட்டு அடுத்தாளைக் கூப்பிட்டார்." நிறுத்தினான். "நீங்களும் பதியேல்லை."

நாகலக்ஷ்மி மன்னிப்புக் கேட்டாள். அது அந்த அறையில் சின்னதாக விழுந்தது.

"கோவமில்லை எண்டு சொன்னாப் பொய்" என்றான் அவன். "திருத்தி அனுப்புங்கோ. இப்ப, இஞ்ச இருந்தே அனுப்புங்கோ. நான் கேக்கிறன்."

அவள் லேப்டாப்பைத் திறந்து ஆங்கிலத்தில் எழுதினாள். மொழிபெயர்ப்பில் நான் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன் என்று தொடங்கினாள். தவறுதலாக என்று ஒரு சொல் போட்டாள். அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, ஸ்க்ரீன் ரீடரைப் போட்டு வாசிக்க வைத்தான். இயந்திரக் குரல் அந்தச் சொல்லை வாசித்தபோது அவன் விரலைத் தூக்கினான். அவள் அதை அழித்தாள். பிறகு அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் விசாரணை நடத்துபவர்களே பயிற்சி பெற்ற ஒருவரைத் தர வேண்டும், அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சாட்சிக்கு வேண்டும், குடும்பத்தைக் கூட்டிவரச் சொல்லவே கூடாது. கடைசி இரண்டும் அவன் அங்கேயே உட்கார்ந்து யோசித்துச் சேர்த்தவை. சொந்த ஆளை வைத்துக்கொண்டு சில விஷயங்களைச் சொல்ல முடியாது என்றான். முகாமில் சில பெண்களுக்கு அப்படித்தான் ஆயிற்று என்றான்.

மெயில் போனதும் அவள் எழுந்தாள். வாசல்வரை வந்து, "அக்கா, இனி வாற கூட்டத்துக்கு வேற ஆளை வைக்கச் சொல்லி மார்செலாவிட்டைக் கேக்கப்போறன். குறை நினையாதேங்கோ" என்றான்.

"நினைக்க மாட்டேன்" என்றாள். அதுவும் பொய்தான்.

மார்செலா அன்று மாலை போன் செய்தாள். ஏன் என்று கேட்டாள், நாகலக்ஷ்மி சொன்னாள். "எங்கள் நாட்டில் பேச்சுவார்த்தை நடந்தபோது, கண்ணிவெடியில் ஒரு கால் போனவர்கள் என்னைப் பார்த்து, உனக்கு இரண்டும் போய்விட்டதால்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றார்கள்" என்றாள் மார்செலா. ஆறுதலுக்குச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா, நாகலக்ஷ்மிக்கு இன்றுவரை தெரியாது. அந்த வருஷம் முழுக்க மொழிபெயர்க்க அவளை யாரும் கூப்பிடவில்லை. குறிப்பு எடுக்க மட்டும் கூப்பிட்டார்கள். போனாள்.

செப்டம்பரில் நியூவார்க்கில் நடந்த கூட்டத்தில் தவராசாவுக்கு ஸ்வர்ணா மொழிபெயர்த்தாள். அவள் பிளெய்ன்ஸ்பரோவில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரி, மதுரைப்பக்கம். நாகலக்ஷ்மி கடைசி வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்வர்ணா இரண்டு இடத்தில் தடுமாறினாள். ஒரு சொல்லுக்கு ஆங்கிலம் கிடைக்காமல் நின்று, தவராசாவிடமே தமிழில் கேட்டு, அவன் வேறு மாதிரி சொல்ல, பிறகு சொன்னாள். ஹாலில் சிலர் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். நான் என்றால் தடுமாறியிருக்க மாட்டேன் என்று நாகலக்ஷ்மி நினைத்தாள். பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதினாள்.

அறிக்கையின் கடைசி வடிவம் நவம்பரில் வந்தது. நான்காவது பரிந்துரை மாறியிருந்தது. குடும்பத்தினரை அழைத்துவரும்படி எந்தச் சாட்சியையும் கேட்கலாகாது என்று தொடங்கியது. கீழே தவராசாவின் பெயரும், அவன் அந்த அதிகாரிக்குச் சொன்ன பதிலும். நாகலக்ஷ்மியின் பெயர் பின்பக்கத்தில் நன்றிப் பட்டியலில், பத்தொன்பது பேரில் ஒருத்தியாக இருந்தது. அவள் பட்டியலைத்தான் முதலில் பார்த்தாள்.

பிறகு ஒன்றைக் கவனித்தாள். ஊனமுற்றவர்களுக்கான அந்த அறிக்கையை யாரோ ஸ்கேன் செய்து படமாக அனுப்பியிருந்தார்கள். தவராசாவின் ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் நாற்பது வெற்றுப் பக்கம். அவள் மார்செலாவுக்கு ஒரு மெயில் போட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல், இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து நாற்பது பக்கத்தையும் எழுத்தாக மாற்றி, தலைப்புகளையும் அட்டவணைகளையும் ஒழுங்குபண்ணி அவனுக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

மறுநாள் அவனிடமிருந்து போன் வந்தது. ஏழு மாசத்துக்குப் பிறகு.

"கிடைச்சது அக்கா. முழுக்க வாசிச்சன்."

"சரியா வாசிக்குதா? அட்டவணை எல்லாம்?"

"ஓம். நல்லா வாசிக்குது." கொஞ்சம் தயங்கினான். "ஏப்ரல்ல பாஸ்டனுக்குக் கூப்பிட்டிருக்கினம். இதைப் பற்றிக் கதைக்க."

"யாரு கூட வர்றாங்க?"

"ஸ்வர்ணாக்கா."

"அவகிட்ட இராசமலர் பேரை ஒரு தடவை சரியாச் சொல்லிக் குடு தம்பி. நியூவார்க்குல ராஜமலர்னு சொல்லிட்டா" என்றாள்.

"கவனிச்சனீங்களோ?" என்றான் அவன்.

"நோட்ல எழுதி வெச்சிருக்கேன்" என்றாள்.